பதருக்கு வாடகை கொடுப்பதா?

இலவசமாக வருவது என்றும் இலவசமாகவே நிலைப்பதில்லை. உலகப் பல்கலைக்கழகங்கள் இப்பாடத்தை அண்மையிலேதான் கற்றன. கல்வி நிறுவனங்களுக்கு எல்லையற்ற இணையச் சேமிப்பிடம் வழங்கிவந்த கூகுள் நிறுவனம், அச்சலுகை முடிவுறும் என்று 2021 பெப்ரவரியில் அறிவித்தது. 2022 யூலை முதல், ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைற் என்பதே இலவச எல்லையாயிற்று. மைக்ரோசொப்ட் நிறுவனமும் 2023இல் அவ்வழியையே பின்பற்றியது. பதினாயிரம் பேர் கற்றும் கற்பித்தும் வரும் ஒரு பல்கலைக்கழகத்தில் இது ஆளுக்கு 10 கிகாபைற் மாத்திரமே. சில விரிவுரைகளின் ஒளிப்பதிவே அதனை நிரப்பிவிடும்.

மேலதிக இடத்தை விலைக்கு வாங்கலாமே எனச் சிலர் கூறுவர். அவ்விலை டொலரில் அல்லவா கேட்கப்படுகிறது! 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை எவர் மறப்பர்? பல்கலைக்கழகத்தின் பணம் மக்களின் வரிப்பணம். அதனை வீணாக்க எவருக்கும் உரிமையில்லை.

எனினும், கண்ணை மூடிக்கொண்டு அழிப்பது சிக்கனமாகாது என்பதையும் வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். களஞ்சியம் நிறைந்துவிட்டால் எமது உழவன் என்ன செய்கிறான்? பதரைத் தூற்றி எறிகிறான். உண்ணும் நெல்லைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறான். விதைநெல்லைத் தனியே பேணுகிறான். பல்கலைக்கழகம் செய்யவேண்டியதும் இதுவே.

ஒரே கோப்பின் பத்துப் பிரதிகள், எவரும் மீண்டும் பாராத கூட்டப் பதிவுகள், வெளியேறியோர் விட்டுச்சென்ற தேவையற்ற கோப்புகள் ஆகியவை பதர். அன்றாடக் கற்பித்தலுக்கு வேண்டியவை உண்ணும் நெல். மழைவீழ்ச்சிக் கணக்கு, மண்ணாய்வு, முதியோரின் குரற்பதிவு, ஏட்டுச்சுவடிப் படங்கள் ஆகியவையே விதைநெல். அவற்றை மறுபடியும் சேகரித்தல் இயலாது.

விலையிலும் வேறுபாடு உண்டு. அமேசன் நிறுவனத்தின் அமெரிக்க விலைப்பட்டியலில், உடனே எடுக்கக்கூடிய சேமிப்பிடம் டெராபைற் ஒன்றுக்கு மாதம் ஏறத்தாழ 23 டொலர். மீட்பதற்குப் பல மணிநேரம் காத்திருக்கவேண்டிய ஆழ்சேமிப்பிடமோ ஏறத்தாழ 1 டொலர். ஆயினும் மலிவைக் கண்டு மயங்குதல் ஆகாது. அங்கிருந்து ஒரு டெராபைற்றை வெளியே கொண்டுவர, ஏறத்தாழ 90 டொலர் தனிக்கட்டணம் செலுத்த நேரிடலாம். நுழையும் வாசல் அகலம். வெளியேறும் வாசல் ஒடுக்கம். ஆகவே விதைநெல்லின் ஒரு பிரதி எமது கையிலேயே, எமது வட்டுகளிலோ நாடாக்களிலோ இருத்தல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் தீக்கிரையாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் அன்று மீளாது போயின. ஒரே இடத்தில் மாத்திரம் இருப்பது பாதுகாப்பில் இருப்பதாகாது என்பதை எம்மிலும் நன்கறிந்தோர் யார்?

எனவே நாம் கோருவது இதுதான்: எதை அழிப்பது, எதை வைப்பது என்பதைக் கணினிக் கூடத்தின் தலையில் மட்டும் சுமத்தாது, ஆய்வாளரும் நூலகரும் கூடி முடிவு செய்க. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ண்' வலையமைப்பின் வழியே யாவரும் ஒன்றுகூடி விலை பேசுக. தனித்து நிற்பவனுக்கு வணிகன் சொன்னதே விலை. சேர்ந்து நின்றால் எமது சொல்லுக்கும் மதிப்புண்டு.