மலைக்கேற்ற சப்பாத்து

கீரிமலையிலே கேணி உண்டு, கடல் உண்டு, கோயில் உண்டு, மலைதான் இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மலை என்பது பூமிசாத்திரப் புத்தகத்தில் மண்ணிறம் தீட்டிய ஒரு பகுதி, அவ்வளவே. ஆகவே சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் தந்தையாருடன் எமது வீட்டுக்கு வந்து, “மலையில் ஓடுவதற்கு எந்தச் சப்பாத்து வாங்குவது, சேர்?” என்று கேட்டபோது எமக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

பையன் நெட்டோட்டத்தில் கெட்டிக்காரன். கண்டிக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைப்பக்கத்தில் நடைபெறவிருக்கும் ஓர் ஓட்டத்திற் கலந்துகொள்ள அவனுக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தது. இதற்கெனத் தனியே செய்யப்பட்ட சப்பாத்துகள் உண்டென்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் காட்டிய படத்திலிருந்த சோடியின் விலையைக் கேட்டதும் எமக்கே மூச்சு முட்டிற்று. தந்தையார் வெங்காயச் செய்கைக்காரர். அவர் அதிகம் பேசவில்லை.

“விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, மாஸ்டர். வாங்கினால் பிழையாகக் கூடாது. இரண்டாம் முறை வாங்க எனக்கு ஏலாது” என்றார்.

இந்த வார்த்தை எம்மைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு.

சில வருடங்களுக்கு முன்னர் மாணாக்கர் நாற்பதின்மரைச் சிவனொளிபாத மலைக்கு அழைத்துச் சென்றோம். பெற்றோருக்கு நாம் அனுப்பிய அறிவித்தலில், போர்வை, குடிநீர், மருந்து என்பவற்றோடு “நல்ல சப்பாத்து” என்றும் ஒரு வரி எழுதியிருந்தோம். நல்லது என்றால் எது நல்லது என்று எழுதவில்லை. எமக்கே அது தெரியாது என்பது பின்னர்தான் விளங்கிற்று.

நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவில் ஏறத் தொடங்கினோம். மலையின் உயரம் 2,243 மீற்றர். அந்தப் பாதையிற் படிகள் ஏறக்குறைய 5,500. முதலிற் பரிகாசத்துக்கு ஆளானவர் நாமே. வெளிநாட்டிலிருக்கும் எமது மைத்துனர் அனுப்பிய உயர்ந்த ரகச் சப்பாத்து ஒன்றை, ‘விசேட நாளுக்கு ஆகட்டும்’ என்று ஆறு வருடமாக அலுமாரியிற் காத்து வைத்திருந்தோம். பாதி வழியில் அதன் அடிப்பாகம் முதலை வாய் போலப் பிளந்தது; சற்று நேரத்திற் கழன்றே போயிற்று. மிச்சப் படிகளை வெறுங்காலோடு ஏறினோம். பக்கத்தில், சாதாரண இறப்பர்ச் செருப்போடு ஒரு மூதாட்டியார் எம்மைக் கடந்து சென்றார்.

இது சிரிப்புக்குரியது. அடுத்தது அப்படியன்று. உதயத்தைக் கண்டு இறங்கும்போது ஒரு பையன் பின்தங்கினான். காலிற் புத்தம் புதிய சப்பாத்து. கழற்றிப் பார்த்தால் இரு பெருவிரல் நகங்களும் கறுத்து, இரத்தம் கட்டியிருந்தன. எமது தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினான். எமது அறிவித்தலைப் பார்த்த அவன் தாயார், வேறொரு தேவைக்கென்று கட்டி வந்த சீட்டுக் காசை எடுத்தே அதை வாங்கிக் கொடுத்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். வழியில் அவன் கேட்டது ஒன்றே: “நல்ல சப்பாத்துத்தானே, சேர்?”

அன்றிலிருந்து இந்த விடயத்தைக் கொஞ்சம் படித்தும், மலையில் ஓடுகிறவர்களிடம் கேட்டும், நாமே இரண்டு மூன்று முறை மலைக்குப் போய்ப் பார்த்தும் வந்திருக்கிறோம்.

எல்லோரும் ஏறுவதை நினைத்தே சப்பாத்து வாங்குகிறார்கள். மலை காலைப் பழிவாங்குவதோ இறங்கும்போதுதான். ஏறுகையில் உடல் மெதுவாகச் செல்லும். கால் சப்பாத்தின் பின்புறத்தில் அமர்ந்திருக்கும். இறங்குகையில் உடற்பாரம் முன்னே தள்ளும். ஓடுகிறவனுக்கு ஒவ்வோர் அடியிலும் தன் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் விழும். கால் முன்னே வழுக்கி, விரல்கள் சப்பாத்தின் நுனியில் மோதும். ஒருமுறை மோதினால் ஒன்றுமில்லை. ஐயாயிரம் தடவை மோதினால் நகம் கறுக்காமல் என்ன செய்யும்? அந்தப் பையனுடைய சப்பாத்து அவன் காலுக்கு ‘அச்சொட்டாக’ இருந்தது. பாடசாலைக்கு அது குணம். மலைக்கு அதுவே குற்றம்.

மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். மிக நீண்ட விரல் எது என்பதையும் பார்க்கவேண்டும். பலருக்கு அது இரண்டாம் விரலாக இருக்கும். விரல்களை விரித்து அசைக்க இடமிருக்க, குதிகால் மாத்திரம் ஆடாமற் பிடித்திருக்க வேண்டும். நாடாவைக் கணுக்காலுக்கு அருகிலுள்ள கடைசித் துளைகளிற் கோத்து, இருபுறமும் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்க நாடாவை அவ்வளையத்தினூடாக இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னே பூட்டப்பட்டு நிற்கும். விரல் முன்னே போகாது. அந்தக் கடைசித் துளை எதற்கென்று தெரியாமலே எத்தனை வருடம் சப்பாத்துக் கட்டியிருக்கிறோம்!

அடுத்தது அடிப்பாகம். இதைக் கடையிற் பார்த்து ஏமாறாதவர் குறைவு. முரட்டுப் பற்கள் நிறைந்த அடியைக் கண்டதும், ‘இது வழுக்காது’ என்று மனம் சொல்லிவிடும். சேற்றுக்கு அது சரி. ஐந்து, ஆறு மில்லிமீற்றர் ஆழமுள்ள பற்கள், இடைவெளி விட்டு அமைந்திருந்தால், சேற்றைக் கவ்வும். அடுத்த அடியிற் சேற்றை உதறியும் விடும். ஈரக் கல்லிலோ கதை வேறு. அங்கே பல் கவ்வுவதற்கு ஒன்றுமில்லை. இறப்பர் கல்லோடு ஒட்டிப் பிடிப்பதுதான் காவல். உயர்ந்து மெலிந்த பற்கள் கல்லைத் தொடும் பரப்பைக் குறைத்து, வழுக்கலைக் கூட்டினாலும் கூட்டும்.

இறப்பரிலும் சாதி உண்டு. வகுப்பிலே பென்சில் அழிக்கும் இறப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மென்மையானது தாளைப் பற்றி நன்றாக அழிக்கும், விரைவிற் தேய்ந்துவிடும். கடினமானது வருடக்கணக்கில் இருக்கும், தாளில் வழுக்கும். சப்பாத்தின் அடியும் அப்படியே. நக நுனியால் அழுத்திப் பார்த்தால் சற்றே இடங்கொடுக்கும் இறப்பர், அருவிப் பாறைகள் நிறைந்த நக்கிள்ஸ் போன்ற இடத்துக்கு ஏற்றது. அது ஒரு வருடத்திற் தேயலாம், தேயட்டும். 1876ஆம் ஆண்டிலே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகளை நாட்டி, பின்னர் உலகத்துக்கே இறப்பர் அனுப்பிய நாடு எமது நாடு. அந்நாட்டிலே வளர்ந்தும் இந்த வேற்றுமையை நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றோம்.

பற்களுள்ள இறப்பர் அடி பிறந்த கதை துயரமானது. முன்னாளில் ஐரோப்பிய மலையேறிகள் இரும்பாணி அறைந்த கனத்த சப்பாத்துகளை அணிந்தனர். செங்குத்துப் பாறையில் ஏறும்போது அவற்றைக் கீழே விட்டு, மெல்லிய அடியுள்ள மிதியடிக்கு மாறுவர். 1935ஆம் ஆண்டு இத்தாலிய அல்ப்ஸ் மலையில் அவ்வாறு சென்ற ஒரு குழுவைப் புயல் பிடித்துக்கொண்டது. ஆறு பேர் மாண்டனர். அவர்களுடைய தோழரான வித்தாலே பிரமானி என்பவர், பாறைக்கும் பனிக்கும் ஒன்றே போதுமான ஓர் அடிப்பாகம் வேண்டுமென்று முயன்று, 1937இல் பற்கள் வார்த்த இறப்பர் அடியை ஆக்கினார். அவர் பெயரையும் குலப்பெயரையும் சுருக்கியதே ‘விப்ரம்’ என்ற வியாபாரப் பெயர். 1954இல் கே-2 சிகரத்தை முதன்முதல் ஏறிய இத்தாலியர் அணிந்ததும் அவ்வடியையே. இன்று கடையில் விதவிதமான வண்ணங்களிற் தொங்கும் மலைச் சப்பாத்துகள் யாவும் ஒருவகையில் அந்த ஆறு பேருடைய மரணத்துக்குக் கடன்பட்டவை.

நீர் புகாத சப்பாத்து என்று ஒன்று விற்கிறார்கள், விலையும் அதிகம். குளிர்நாட்டில், ஈரப்புல்லில் நடப்பவருக்கு அது உபகாரம். எமது மலைகளில் முழங்காலளவு நீரோடையைக் கடக்கவேண்டி வரும். நீர் மேலால் உள்ளே புகுந்துவிட்டால், வெளியே விடாத அதே துணி உள்ளேயும் தேக்கி வைத்துக்கொள்ளும். காலிற் குடத்தைக் கட்டிக்கொண்டு ஓடுவதுபோலாகும். நீரை உள்ளே விட்டு உடனே வெளியேயும் விட்டுவிடும் வலைத்துணியே எமக்கு நல்லது. காலுறையும் பருத்தியில் வேண்டாம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் உண்டாக்கும். அட்டையைப் பற்றிக் கேட்பீர்கள். அட்டை கடிக்காத சப்பாத்து இல்லை. முழங்கால் வரை நீண்ட நெருக்கமான காலுறை உண்டு.

எமது சப்பாத்து வாய் பிளந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். பல சப்பாத்துகளின் நடுவே பொலியூறித்தேன் என்னும் நுரைப்பொருள் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதன் இரசாயனக் கட்டுகளை அறுத்துவிடும். அணிந்தாலும் அணியாவிட்டாலும் இது நடக்கும். எமது நாட்டின் புழுக்கத்தில் விரைவாகவே நடக்கும். வெளிநாட்டு உறவினர் அனுப்பியதைப் பெட்டியிற் பூட்டி வைத்திருக்கும் அன்பர்கள் இன்றே எடுத்து அணிந்துவிடுவது நலம்.

இனி விலை. 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லெட்வில் என்ற மலையூரில் நடந்த 100 மைல் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் மெக்சிக்கோ நாட்டுப் பள்ளத்தாக்குவாசியான விக்டோரியானோ சூரோ. வயது 55. காலில் இருந்ததோ மோட்டார் டயரை வெட்டி வாரிணைத்த செருப்பு! இதைச் சொன்னதும் வெங்காயச் செய்கைக்காரரின் முகம் மலர்ந்தது; டயர்ச் செருப்பு அவருக்குப் புதிதன்று. ஆயினும் அவரை உடனே தடுத்தோம். சூரோவின் இனத்தார் சிறுவயது முதலே அச்செருப்போடு மலைப்பள்ளங்களில் ஏறி இறங்கியவர்கள். அவர்கள் பாதம் அதற்கென்றே உரமேறியது. பன்னிரண்டு வருடம் பாடசாலைச் சப்பாத்துக்குள் வளர்ந்த கால் ஒரு மாதத்தில் அப்படியாகிவிடாது. விலையுயர்ந்தது வேண்டியதில்லை என்பதற்கு அந்தக் கிழவர் சாட்சி. ஏதாவது போதும் என்பதற்குச் சாட்சியல்லர்.

மறுவாரம் மூவருமாக நகரத்துக்குப் போனோம். மாலையிலேயே போனோம், பகல் முழுவதும் நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அவ்வாறே வீங்கும். புறப்படுமுன் பையனை ஒரு வெள்ளைத் தாளில் நிற்கவைத்து இரு பாதங்களின் விளிம்பையும் பென்சிலாற் கீறிக்கொண்டோம். வலக்கால் ஐந்து மில்லிமீற்றர் நீளம். பெரிய காலுக்குத்தான் வாங்கவேண்டும். கடையிற் சப்பாத்தை அந்தத் தாளின்மேல் வைத்துப் பார்த்தோம். பையன் விரும்பிய விலையுயர்ந்த சோடியின் முன்பகுதி, கோட்டுக்குள்ளே இருபுறமும் ஒடுங்கி நின்றது. காலைவிட ஒடுங்கிய சப்பாத்து எத்தனை ஆயிரம் ரூபாயானாலும் காலைவிட ஒடுங்கியதுதான்.

கடைக்காரர் பொறுமைசாலி. நாம் ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்த்ததைச் சகித்துக்கொண்டார். விரல்கள் மடியும் இடத்திற் சப்பாத்தும் மடியவேண்டும். நடுவில் மடிந்தால் ஆகாது. துணி பிழிவதுபோல் முறுக்கினால் ஓரளவு எதிர்க்கவேண்டும். அடிப்பாகம் மெத்தைபோல் மிக உயர்ந்திருந்தால் கரட்டுக் கல்லிற் கணுக்கால் பிசகும். இறுதியில், கடையின் வாசலில் மோட்டார் சைக்கிள் ஏற்றும் சிறு சரிவிலே பையனை நான்கைந்து முறை இறங்கி ஓடச் சொன்னோம். தெருவிற் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்றாவது சோடியில், “விரல் முட்டவில்லை, சேர்” என்றான். அதன் விலை அவன் முதலிற் காட்டியதில் அரைவாசிக்கும் குறைவு. வேறொருவருடைய அளவுக்கென வந்து விற்காமற் கிடந்ததாம். நிறம் மாத்திரம் கண்ணைப் பறிக்கும் மஞ்சள். தந்தையார் காசை இருமுறை எண்ணிக் கொடுத்துவிட்டு, கால் கீறிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது பையன் மணற்காட்டு மணற்குன்றுகளில் அந்த மஞ்சட் சப்பாத்தோடு காலையில் ஓடிக்கொண்டிருக்கிறான். எந்தப் புதுச் சப்பாத்தையும் இரண்டு கிழமையாவது பழக்காமல் மலைக்குக் கொண்டுபோகலாகாது. சென்ற வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வந்து, இடக்குதியிற் சிறிது உரசுகிறது என்றான்; நாடாவை மாற்றிக் கட்டிக் காட்டினோம்.

மலையிலிருந்து திரும்பியதும் சேற்றைக் கழுவி, நிழலிலே காயவைக்க வேண்டும். கடுவெயிலும் அடுப்புச் சூடும் பசையை இளக்கிவிடும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஞாயிறு மலரும் அதற்கு நன்கு உதவும். எமது பத்தி இருக்கும் பக்கத்தையே முதலில் எடுத்தாலும் எமக்கு மனத்தாங்கல் இல்லை.