மச்சான் என்று அழைத்தால் போதுமா?

கல்லூரி திறந்து ஒரு வாரம்கூட ஆகாது. அதற்குள் தூத்துக்குடிக் கல்லூரிகளில் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான் ஆகிவிடுவார்கள். "மச்சான், நோட்டைக் குடு." "மாப்ள, டீ சொல்லு." "பங்காளி, பஸ்ஸுக்கு நேரமாச்சு." மூன்றுமே உறவுமுறைச் சொற்கள். பங்காளி என்றால் ஒரே வழியில் வந்தவன், சொத்தில் பங்குள்ளவன். மச்சானும் மாப்பிள்ளையும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. சொந்தச் சாதிக்குள் மட்டுமே புழங்க வேண்டும் என்று சாதி வேலி போட்டு வைத்திருக்கும் இந்தச் சொற்களை, நம் பிள்ளைகள் வேலியைக் கவனிக்காமலே எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சொல் கல்லூரி வாசலைத் தாண்டி எவ்வளவு தூரம் உடன் வருகிறது?

முத்துக்குளித்துறைக்கு இந்தச் சொல்லோடு பழைய தொடர்பு உண்டு. முத்துக் குளிக்கக் கடலில் இறங்குகிறவரின் கயிற்றைப் படகில் இருந்து பிடித்துக்கொள்கிறவர் அவருடைய மச்சானாகத்தான் இருப்பார் என்று இங்கே சொல்வார்கள். தன் அக்காள் தங்கை தாலியறுக்க அவர் விடமாட்டார் என்பது காரணம். நம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாக இதைப் பெருமையோடு சொல்கிறோம். கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். உறவுக்காரனைத் தவிர வேறு எவனும் கயிற்றை விட்டுவிடுவான் என்று அஞ்சுகிற சமூகத்தின் கதையும் இதுதான். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. அந்த அச்சம் நிற்கவில்லை.

சிறிய கல்லூரிகளில் அந்த அச்சம் இன்னும் துலக்கமாகத் தெரியும். பெருநகரப் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கானோர் நடுவே ஒருவர் தன் ஊரையும் தெருவையும் சொல்லாமலே மூன்றாண்டுகளைக் கடத்திவிடலாம். இங்கே முடியாது. 1977-இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியாக இருக்கட்டும், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கலை அறிவியல் கல்லூரிகளாக இருக்கட்டும், வகுப்பிலும் விடுதியிலும் தினமும் அதே முகங்கள்தான். முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி "ஊர்ல எந்தத் தெரு?" மூன்றாவது கேள்விக்குத் தேவையே இருப்பதில்லை. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று ஒவ்வொரு தடத்துப் பேருந்திலும் ஒரு நட்புக் கூட்டம் சேர்கிறது. ஒரே ஊர், ஒரே நிறுத்தம் என்பதால் சேர்ந்த கூட்டம்போலத்தான் தெரியும். ஊரும் நிறுத்தமும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் மாவட்டத்தில் அந்தக் கூட்டமும் சாதிவாரியாகவே அமைந்துவிடுகிறது. யாரும் திட்டமிட வேண்டியதில்லை.

விடுதிகளும் அப்படித்தான். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று துறைவாரியாகப் பிரிந்திருந்தவற்றுக்கு 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு "சமூகநீதி விடுதிகள்" என்று ஒரே பெயரை அறிவித்தது. வரவேற்கிறோம். பலகையில் பெயர் ஒன்றானால் போதாது. ஒரே அறையில் படுத்து, ஒரே பந்தியில் சாப்பிடும் நாள்தான் அந்தப் பெயருக்குப் பொருள் தரும்.

கல்லூரிக்கு வரும் முன்பே பிள்ளைகள் என்ன பாடம் படித்துவிட்டு வருகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புத் தலித் மாணவரின் விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் வென்றதுதான் காரணம் என்றார்கள் குடும்பத்தினர். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறும் நெற்றி அடையாளமும் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, அகரவரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதற்கு ஒரு நீதிபதி வழி சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

2025 ஜூலை 27 அன்று நடந்ததை மறக்க முடியுமா? தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த தலித் மென்பொருள் பொறியாளர் பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் அந்தப் பெண்ணும் பள்ளிக் காலம் முதல் பழகியவர்கள் என்று செய்திகள் சொல்லின. கொலை வழக்கில் கைதானவர் பெண்ணின் தம்பி. மணம் நடந்திருந்தால் அவருக்கு இவர் மச்சான். கயிற்றைப் பிடித்திருக்க வேண்டிய உறவு.

விளையாட்டாக அழைக்கும்வரை மச்சான் என்ற சொல்லைச் சாதி பொறுத்துக்கொள்ளும். அந்தச் சொல் தன் உண்மையான பொருளை நெருங்கும்போது அரிவாளை எடுக்கும். அதனால்தான் சாதிச் சங்கங்களுக்கு இளைஞர்களின் நட்பு மீது இவ்வளவு கண். கோயில் கொடைக்கு வைக்கும் ஃபிளெக்ஸில் கல்லூரி மாணவன் படத்தைப் போடுவதும், சாதிப் பெருமைப் பாட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைக்கச் சொல்வதும், உடன் படிக்கும் பெண்கள் யாரோடு பேசுகிறார்கள் என்று வேவு பார்க்க அவனையே அமர்த்துவதும் இதற்காகத்தான். இதில் அதிகம் இழப்பது பெண்கள். ஆண்பிள்ளைக்குத் தெருமுனை இருக்கிறது. அவளுக்கு இருக்கும் ஒரே வெளி கல்லூரி. அதையும் கைப்பேசியைச் சோதித்துப் பறிக்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது நவல் பதேனா என்ற பார்சி இளைஞர் அவருக்கு நண்பரானார். இந்தியா திரும்பி 1917-இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கரை, அவர் தங்கியிருந்த பார்சி விடுதியில் இருந்து தடியோடு வந்த பார்சிகள் வெளியேற்றினார்கள். 1920-இல் படிப்பை முடிக்க அவர் மீண்டும் லண்டன் போனபோது கடன் கொடுத்து உதவியவர்களில் அதே பதேனாவும் ஒருவர். சமூகம் விரட்டியது, அதே சமூகத்தில் பிறந்த நண்பர் கைகொடுத்தார். பல்கலைக்கழகம் என்பது பட்டம் தரும் இடம் மட்டுமல்ல, பிறப்பு தராத உறவை உண்டாக்கும் இடமும்கூட. சகோதரத்துவம் இல்லாமல் சுதந்திரமும் சமத்துவமும் நிலைக்காது என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் எச்சரித்ததன் பின்னே இந்த வாழ்க்கை அனுபவமும் இருக்கிறது.

ஆகவே நட்பை "தானாக வரும்" என்று விட்டுவிட முடியாது. விடுதி அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள். ஆய்வகக் குழுக்களைப் பேருந்துத் தடப்படி சேரவிடாதீர்கள். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க ஓர் அலுவலரும் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேளுங்கள், மாணவத் தோழர்களே. அரசுக்கும் ஒன்று சொல்கிறோம். ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய 2025 அக்டோபரில் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தீர்கள். சட்டம் வர வேண்டும், விரைந்து வர வேண்டும்.

மாணவர்களிடம் கேட்பது இன்னும் எளியது. மச்சான் என்று அழைக்கிறவனின் தெருவுக்குப் போயிருக்கிறாயா? அவன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாயா? அவனை உன் வீட்டு நடுக்கூடத்தில், உன் அப்பா பார்க்க உட்கார வைத்திருக்கிறாயா? உன் தெருக்காரர்கள் அவனை மறித்தால் யார் பக்கம் நிற்பாய்? 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட்டுக்கு எதிராக இந்த ஊரில் மீனவரும் வியாபாரியும் கிராமத்துப் பெண்களும் மாணவரும் ஒன்றாக நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்களை இழந்தோம். சுடப்படும்போது ஒன்றாக நின்றவர்களுக்குச் சோறு உண்ணும்போது ஒன்றாக உட்காருவது பெரிய வேலையல்ல. கயிற்றைப் பிடிக்க ஒரே சாதியில் பிறந்திருக்கத் தேவையில்லை. கையை விடாதிருந்தால் போதும்.