சாமியார் செத்தார், கதை சாகவில்லை!

மந்திரவாதி செத்தால் எல்லோரையும் போல மண்ணுக்குள்தான் போகிறான். அவனைப் பற்றிய கதை மட்டும் மண்ணுக்குள் போவதில்லை. ஏனென்றால் அந்தக் கதையை வைத்துப் பிழைக்க ஆட்கள் இருக்கிறார்கள்!

நம் பெரம்பலூர், அரியலூர் மக்களுக்கு விராலிமலை வெகு தூரமல்ல. அதனருகே பாத்திமா நகரில் ஆசிரமம் கட்டியவர் பிரேமானந்தா. இலங்கையில் மாத்தளையில் பிறந்தவர். அங்கே இனக் கலவரத் தீ மூண்டபின் 1984-ல் தமிழகம் வந்தார். அநாதைக் குழந்தைகளும் உடன் வந்தார்கள். ஆசாமி வெறுங்கையில் விபூதி வரவழைப்பார். சிவராத்திரியன்று வாயிலிருந்து லிங்கம் எடுப்பார். பணக்காரர்களும் வெளிநாட்டாரும் காலில் விழுந்தார்கள்.

1994-ல் ஆசிரமப் பெண்கள் வாய் திறந்தார்கள். வேஷம் கலைந்தது! பதின்மூன்று பெண்களைக் கெடுத்த குற்றம். உண்மை தெரிந்த ஓர் இளைஞரைக் கொன்று ஆசிரமத்திலேயே புதைத்த குற்றம். கர்ப்பமான பெண்ணின் கருவை ஐதராபாத்தில் மரபணுச் சோதனை செய்தார்கள். தகப்பன் யார் என்பது தெரிந்துவிட்டது. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வாயிலிருந்து லிங்கம் எடுத்தவரால் சிறைக் கதவின் தாழ்ப்பாளை எடுக்க முடிந்ததா? இல்லை! 2011 பிப்ரவரி 21-ல், தண்டனைக் கைதியாகவே, நோயில் செத்தார்.

அத்தோடு முடிந்ததா? ஆசிரமத்தில் சமாதி எழுந்தது, பூஜை நடக்கிறது. சிறைக்குப் போனது பிறர் பாவத்தைச் சுமக்கவாம். செத்தது சாவல்லவாம், சமாதியாம்! தோற்றாலும் மகிமை, செத்தாலும் மகிமை. எந்தப் பக்கம் விழுந்தாலும் லாபம் தரும் சூதாட்டம் இது.

இந்தப் பித்தலாட்டம் நம் நாட்டோடு நிற்பதல்ல. இங்கிலாந்தில் அலெய்ஸ்டர் குரோலி என்ற பேர்போன மந்திரவாதி 1947 டிசம்பர் 1-ல் செத்தார். அப்பன் வைத்துப்போன சொத்தையெல்லாம் கரைத்துவிட்டு, போதை மருந்துக்கு அடிமையாகி, ஒரு விடுதி அறையில் முடிந்த வாழ்வு அது. மறுநாளுக்குள் அவருடைய டாக்டரும் இறந்துபோனார். உடனே "சாபம்!" என்றன பத்திரிகைகள். வறுமையும் போதையும் மறந்துபோயின. சாபம் மட்டும் நிலைத்தது.

தோழர்களே, பெரம்பலூர் நகரிலேயே 2017 மார்ச்சில் ஒரு மந்திரவாதியின் வீட்டில் பெட்டிக்குள் பெண் பிணம் கிடந்ததே, நினைவிருக்கிறதா? அத்தகைய ஆசாமிகளிடம் போகிறவர்கள் யார்? நம்மவர்தான். குழந்தைக்கு நடு இரவில் காய்ச்சல், ஆஸ்பத்திரியோ தூரம். பருத்தி பொய்த்தது, கடன்காரன் வாசலில் நிற்கிறான். வேறு வழி தெரியாதவன் தாயத்துக்குக் கூலியைக் கொடுக்கிறான். அவனைப் பார்த்துச் சிரிப்பது பகுத்தறிவல்ல. அவனுக்கு வைத்தியமும் கடன் நிவாரணமும் கிடைக்கச் செய்வதே மந்திரவாதியின் பிழைப்பில் மண் போடும் வேலை.

சட்டமும் வேண்டும். மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடிய டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013-ல் புனாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் அதே ஆண்டில் மகாராஷ்டிரம் சட்டம் இயற்றியது. நம் மாநிலத்துக்கும் அப்படியொரு சட்டம் தேவை.

திண்ணையில் யாராவது சாமியாரின் மகிமையைப் பேசத் தொடங்கினால், நீங்கள் அந்தப் பதின்மூன்று பெண்களின் கதையைச் சொல்லுங்கள். பெற்றோரில்லை, சொந்த நாடில்லை, கையில் காசில்லை. ஆயினும் நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார்கள். அதிசயம் என்று ஒன்று இருந்தால், அது அதுதான்!