மலையகத்து நலச் சங்கங்களும் நமது கடமையும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அவர் நின்றுவிடவில்லை. அருகிருந்து பணிபுரிபவனையும் நான்காவதாகச் சேர்த்தார். இக்குறளை வகுப்பறையிலே பலமுறை கற்பித்த யாம், அந்நான்காம் கூற்றின் அருமையை உணர்ந்தது ஹற்றனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலேயாகும்.

மற்றை மூன்று கூறுகளுக்கும் வழிசெய்யும் முயற்சிகள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. கோப்பிக் காலத்திலே, 1872 இல், தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. 1912 இல் புதிய சட்டங்கள் வந்தன. 1992 இல் அரசும் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கூடிய நிறுவனம் ஒன்று தோன்றியது. மலைநாட்டார் 'ட்ரஸ்ட்' என வழங்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதுவே. 2017 இல் டிக்கோயாவிலே இந்திய உதவியுடன் கட்டப்பட்ட ஆதார வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆயினும், 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினெழுவர். தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு முப்பத்திருவர்.

இவ்வேற்றுமைக்கு வறுமை முதலிய காரணங்கள் பலவுள. அவற்றுள் ஒன்று வைத்தியசாலைக்கும் லயத்துக்கும் இடையே கிடக்கும் மலைப்பாதை. கருவுற்ற தாயைத் தவணை தவறாது கிளினிக்குக்கு அனுப்புதல், பிள்ளைக்காம்பராவிலே குழந்தைகளை நிறுத்துக் குறித்தல், நள்ளிரவில் வாகனம் தேடிக் கொடுத்தல் ஆகியவற்றில் குடும்ப நல உத்தியோகத்தருக்குத் துணைநிற்பவை சிறு நலச் சங்கங்களே. அவை பல தோன்றின. பல இருந்த இடந்தெரியாது மறைந்தன.

எமக்குத் தெரிந்த சங்கம் ஒன்றைக் கூறுவோம். அதன் செயற்குழுவில் யாமும் சில காலம் இருந்தோம். காரியதரிசி நல்லவர், ஓயாது உழைத்தவர். கணக்கும் கடிதமும் அலுமாரித் திறப்பும் அவர் கையிலேயே இருந்தன. அவர் தொழில் தேடிக் கொழும்பு சென்றார். சங்கம் அன்றே படுத்தது. நிறைகோல் பூட்டிய அலுமாரியில் உறங்கியது. ஒரு மழையிரவிலே பெண்ணொருத்திக்குப் பிரசவ வேதனை கண்டபோது, வாகனச் செலவுக்கென வைத்த பணம் வங்கியில் இருந்தும் அதனை எடுத்துக் கொடுக்க ஒருவருமில்லை. அயலார் கடன்பட்டு அனுப்பினர். தாயும் சேயும் பிழைத்தது அயலாரின் அன்பினாலன்றிச் சங்கத்தின் திறத்தினாலன்று. கணக்கைப் பாராமலே கையொப்பமிட்டு வந்த எமக்கும் அப்பிழையில் பங்குண்டு.

தோட்ட மக்களுக்குச் சங்கம் நடத்தத் தெரியாது என்பார் உளர். அவர்கள் மரணாதார சங்கத்தைப் பார்த்தறியாதவர்கள். மாதந்தோறும் சந்தா, எல்லோரும் அறிந்த விதி, கூட்டத்தில் உரக்கப் படிக்கப்படும் கணக்கு, சாவு நிகழ்ந்த அன்றே வீடு தேடி வரும் பணம். இறந்தாரை அடக்கஞ் செய்ய இத்துணை ஒழுங்காகச் சங்கம் நடத்துவோர் இருப்பாரைக் காக்கும் சங்கத்தை நடத்த மாட்டாரா? வேற்றுமை மக்களிடத்தில் இல்லை. மரணாதார சங்கம் தன் உறுப்பினருக்கு விடை கூறுகிறது. நலச் சங்கமோ பணம் கொடுத்த வெளியாருக்கே அறிக்கை எழுதுகிறது. உதவி நின்றதும் அறிக்கை நிற்கிறது. அதனோடு சங்கமும் நிற்கிறது.

ஆதலின், புதிய சங்கம் தொடங்குமுன் உள்ள சங்கங்களின் நாடியைப் பார்த்தல் நன்று. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்பதும் வள்ளுவர் காட்டிய நெறியன்றோ! தலைவர் இல்லாதபோதும் வேலை நடக்குமா? கணக்கை எந்த உறுப்பினரும் பார்க்கலாமா? பதிவேடு உண்மை கூறுகிறதா? கொழுந்து பறிக்கும் பெண்கள் முடிவெடுக்கும் இடத்தில் உள்ளனரா? தோட்ட வைத்திய உதவியாளரோடும் சுகாதார உத்தியோகத்தரோடும் தொடர்பு உண்டா? இவ்வைந்து வினாக்களுக்கும் ஒன்று முதல் நான்கு வரை உறுப்பினர் தாமே புள்ளியிடுக. புள்ளி குறைந்த இரண்டைத் தெரிந்து, ஓராண்டு உழைத்து, மீண்டும் அளந்து பார்க்க. கூட்டத்தைக் கொழுந்து நிறுத்த பின்னர் மாலையில் வைக்க. இன்றேல் பெண்கள் வாரார்.

"வயிற்றுக்கில்லாதவர்க்குப் புள்ளியும் ஏடும் எதற்கு?" என்று ஒரு நண்பர் எம்மைக் கேட்டார். நியாயமான வினாவே. சங்கம் வலுப்பெற்றால் அரசும் கம்பனியும் தம் கடமையினின்று விலகலாம் என்பது எம் கருத்தன்று. ஒழுங்கான ஏடுடைய சங்கமே அக்கடமையை உரத்துக் கேட்க வல்லது. எத்தனை குழந்தைகள் எடை குறைந்தன என்று எழுதிக் காட்டுபவனுக்கு மறுமொழி கூறியே ஆகவேண்டும். பொதுவாகக் குறை கூறுபவனை எளிதில் அனுப்பிவிடலாம்.

இவ்விடத்திலேதான் பழைய மாணவராகிய உங்களை நோக்கி யாம் கை நீட்டுகிறோம். உங்களுள் கணக்காய்வாளர் உளர், வைத்தியர் உளர், சட்டத்தரணிகள் உளர், வங்கியிற் பணிபுரிவோர் உளர். விழாக்காலத்தில் நன்கொடை வழங்குவது உங்களுக்குப் பழக்கம். இம்முறை பணத்தோடு அமையாது, மாதம் ஒருநாள் தாருங்கள். ஒருவர் ஒரு சங்கத்தின் ஐந்தொகையை எழுதப் பழக்கலாம். ஒருவர் யாப்பினைத் திருத்திக் கொடுக்கலாம். ஒருவர் அடுத்த காரியதரிசியாக வரக்கூடிய தோட்டத்து இளம்பெண் ஒருத்தியைப் பயிற்றலாம். ஆனால் நீங்களே பதவியேற்றுவிடாதீர்கள். நீங்கள் வந்தபின்னும் சங்கம் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

உயர்தர வகுப்பு மாணவர்களே, உங்களுட் பலர் லயங்களிலிருந்து வருபவர்கள். கூட்டக் குறிப்பை எழுத ஒருவருமின்றி உங்கள் தோட்டத்துச் சங்கம் காத்திருக்கக்கூடும். வள்ளுவர் கூறிய நான்காமவர் நீங்களே ஆகுக!