மலையேறும் மிதிவண்டிப் பயணம்: தடுப்பதா, ஆயத்தப்படுத்துவதா?

இதய மறுவாழ்வுப் பிரிவுக்கு மறுபரிசோதனைக்கு வருவோரில் சிலர், உடன் வந்தவர் மருந்து வாங்கச் சென்ற சமயம் பார்த்து எங்களிடம் ஒன்று கேட்கின்றனர்: "200 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணத்திற்குப் பெயர் கொடுக்கலாமா?" இக்கேள்வி தாழ்ந்த குரலில் கேட்கப்படுவதுதான் எங்களுக்குக் கவலையளிக்கிறது, கேள்வியன்று.

ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் அல்லது நீரிழிவுள்ளவர் என்ற ஒரே காரணத்தால் குடும்பத்தார் இத்தகைய விருப்பத்தைத் தடுத்துவிடுவது சரியன்று என்பதே எங்கள் கருத்து. தடுக்கப்பட்டவர் பெரும்பாலும் ஓட்டுவதை நிறுத்துவதில்லை. வீட்டில் சொல்வதைத்தான் நிறுத்திவிடுகிறார். எவருக்கும் தெரியாமல் விடியலில் கிளம்பித் தனியே மேடேறுபவரைக் காட்டிலும், மருத்துவரும் வீட்டாரும் அறியப் பல மாதங்கள் பயிற்சி செய்பவர் பாதுகாப்பானவர்.

பிரெவே எனப்படும் இப்பயணங்கள் பந்தயங்கள் அல்ல. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திற்குள் முடித்தால் போதும். முதலிடம், கடைசி இடம் என்பன கிடையா. உண்பதும் இளைப்பாறுவதும் அந்நேரத்திற்குள்ளேயே அடங்கும். சமவெளியில் இது எட்டக்கூடிய இலக்கு. மலை குறுக்கிட்டால் கணக்கு மாறும். சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர வேண்டும். எழுபது கிலோ எடையுள்ளவர் தம்மையும் வண்டியையும் அவ்வுயரத்திற்குத் தூக்கிச் செல்ல மட்டும் ஏறக்குறைய 1,000 கிலோ கலோரி செலவாகிறது.

ஆகவே பயிற்சியில் வேகத்தை நாடாதீர்கள். ஏறும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே நம்பத்தக்க அளவுகோல். 220-இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பு வரம்பு குறிக்கும் வழக்கம் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோருக்குப் பொருந்தாது. அம்மருந்து துடிப்பு உயர்வதையே மட்டுப்படுத்துகிறது. தூரத்தை மூன்று வாரங்கள் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காம் வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். மலை இல்லாத ஊரினர் மேம்பாலம் ஒன்றில் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கலாம். பார்ப்பவர்கள் சிரிக்கக்கூடும், சிரிக்கட்டும். பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரம் பொருத்திக்கொள்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை; முழங்காலும் இதயமும் அதற்கு நன்றி சொல்லும்.

நீரிழிவுள்ளோர் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவருக்கு ஓட்டும்போது மட்டுமன்றி, அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். பீட்டா பிளாக்கரும் சேர்ந்திருந்தால் படபடப்பும் நடுக்கமும் மறைந்துவிடலாம். எஞ்சும் அடையாளம் வியர்வை. மலையேறுபவருக்கு வியர்வை எப்படியும் வழியும்! எனவே உடல் உணர்த்தும் என்று காத்திராமல் குளுக்கோமீட்டரை உடன் கொண்டு செல்லுங்கள். மருந்தளவை எவ்வளவு மாற்றுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பையில் இருக்கட்டும். சர்க்கரை தாழ்ந்துவிட்டால் உடனே கரையும் குளுக்கோஸும் தனியே இருக்கட்டும். வெறும் நீரை மட்டும் மிகுதியாகப் பருகுவது உடலின் உப்பளவைக் குறைக்கும். இதயச் செயலிழப்புக்காக நீரும் உப்பும் கட்டுப்படுத்தப்பட்டவர்கள் இங்கே கூறியதைத் தாமாகப் பின்பற்றலாகாது.

இறக்கமும் எளிதன்று. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்போருக்குச் சிறு வீழ்ச்சியும் பெருங்கேடாகலாம். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டி, வளைவிற்கு முன்பே பிரேக்கைப் பிடியுங்கள்.

எல்லோருக்கும் நாங்கள் இசைவு தருவதில்லை. ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ தோன்றியவர், அண்மையில் மாரடைப்பு கண்டவர், டிரெட்மில் பரிசோதனையில் மாறுதல் தென்பட்டவர் காத்திருக்கத்தான் வேண்டும். பயணத்தன்று அத்தகைய அறிகுறி வந்தால் அவ்விடத்திலேயே இறங்கி 108-ஐ அழையுங்கள். கட்டிய பணம் வீணாகுமே என்ற பேச்சுக்கே இடமில்லை.

உடனிருப்போருக்கு ஒரு செய்தி: பிரெவே விதிகளின்படி சோதனை நிலையங்களில் மட்டுமே வெளியார் உதவலாம். அங்கே காத்திருந்து உணவளிக்கலாம். முகத்தைப் பார்த்து, பேச்சுத் தடுமாறுகிறதா என்று கவனிக்கலாம். அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்து வாருங்கள். இருவருமாகவே உள்ளே வாருங்கள்.