சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள்



நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு வளைகுடா எயார்லைன் ஒன்றில் பைலட் வேலைக்கு ஒஃபர் வந்த செய்தி எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் ஓடுகிறது. அல்ஹம்துலில்லாஹ். அவருக்குப் படிப்பித்த ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அவர் இன்னும் கையொப்பம் வைக்கவில்லை. அதற்குள் நாம் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டோம்!

போவதைக் குறை சொல்ல முடியாது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 வரை போனது. 2023 ஜனவரியிலிருந்து கூடிய சம்பளக்காரர்களின் உச்ச வரி 36 வீதம். டுபாயிலும் கட்டாரிலும் சம்பளத்துக்கு வரியே இல்லை. நம் நாட்டு விமானிகள் பலர் வெளியேறியதும் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

ஆனால் இந்தத் தொழிலில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு விமானி பறந்த மணித்தியாலங்கள் எந்த நாட்டுக்கும் அவரோடு போகும். சீனியோரிட்டி போகாது. பெரும்பாலான எயார்லைன்களில் பதவி உயர்வு, வேலையில் சேர்ந்த திகதியின் வரிசைப்படிதான். இங்கே ஓரிரு வருடத்தில் கெப்டனாக வேண்டியவர், அங்கே ஃபர்ஸ்ட் ஒஃபீசராக வரிசையின் கடைசியில் நிற்க வேண்டி வரலாம். கெப்டனாகப் பறந்த மணித்தியாலங்களுக்கோ எந்த நாட்டிலும் தனி மதிப்பு.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். கெப்டன் பதவிக்கு இன்னும் நெடுநாள் இருக்கும் இளம் விமானி போகலாம். அது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர், அதை எடுத்துக்கொண்டு போவதே நல்லது.

யார் போனாலும் ஒப்பந்தத்தில் சிலவற்றைப் பார்க்க வேண்டும். பயிற்சிச் செலவுக்கு எத்தனை வருட பொண்ட்? இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? இங்கே பழைய பொண்ட் ஏதும் பாக்கி இருக்கிறதா? சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, பறக்கும் மணிக்குக் கிடைப்பது எவ்வளவு? மருத்துவப் பரிசோதனையில் தவறினால் என்ன கிடைக்கும்? விமானிக்கு வருடா வருடம் மருத்துவம் உண்டு. அதில் தவறினால் அடுத்த நாள் பறக்க முடியாது.

2020இல் கொவிட் வந்தபோது வளைகுடா எயார்லைன்கள் ஏராளமான விமானிகளை வீட்டுக்கு அனுப்பியதை நாம் மறக்கக் கூடாது. அங்கே விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வீடு, பிள்ளைகளின் ஸ்கூல் எல்லாம் சேர்ந்தே போகும். இங்குள்ளதுபோல் முதலாளி 12 வீதம் போடும் ஈ.பி.எஃப். வெளிநாட்டவருக்கு அங்கே சட்டப்படி கட்டாயமில்லை. பலருக்கு, சேவை முடியும்போது கிடைக்கும் தொகையோடு, தானாகச் சேமித்ததுதான் மிச்சம்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. பிள்ளை விமானம் ஏறுமுன்னே அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக்கு அத்திவாரம் போடுவதும், லோன் எடுப்பதும், தங்கச்சிமாரின் கல்யாணச் செலவை அவர் தலையில் எழுதுவதும் நம் பழக்கம். அப்படிக் கட்டிப் போட்டால் நாளைக்கு அங்கே சரிவரவில்லை என்றாலும் அவரால் திரும்பி வர முடியாது.

வாப்பா, உம்மாவோடும், மனைவியோடும், ஏற்கனவே அங்கே பறக்கிறவர்களோடும் அவர் மஷூறா செய்யட்டும். இஸ்திகாராவும் தொழட்டும். முடிவை அவரே எடுக்கட்டும். சந்தியில் அவரைக் கண்டால், "எவ்வளவு சம்பளம்?" என்று கேட்காமல், "ஒப்பந்தத்தை வடிவா வாசிச்சீங்களா மகன்?" என்று கேளுங்கள்.