குரலுக்குக் கருவியா, கருவிக்குக் குரலா?

நம் பல்கலைக்கழக விழாக்களில் இன்று கிதார் ஏறாத மேடை இல்லை. மகிழத்தக்கதே. ஆனால், கிதாரை ஏந்தி வரும் நண்பர்களுள் எத்தனை பேர், பாட வந்தவரைப் பார்த்து, “உங்களுக்கு எத்தனை கட்டை?” என்று முதலில் கேட்கின்றனர்? பெரும்பாலோர் கேட்பதில்லை. தம் கைக்குப் பழகிய சி, ஜி என்னும் சுருதிகளில் மீட்டத் தொடங்கிவிடுகின்றனர். பாடுபவர் மேலே எட்ட முடியாமல் திணறுகிறார். அல்லது கீழே இறங்கிக் குரல் கேளாமல் போகிறார். முடிவில் பழி யாரைச் சேர்கிறது? பாடியவரைத்தான். “சுருதி சேரவில்லை” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சேராதது குரலா, கருவியா என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தக் கேள்வி நம் விழா மேடையோடு நிற்பதன்று. கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக மலை ஏறினால் பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடி. அதன் நடுவே அகளி. இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் நிலம். இருளர் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. அட்டப்பாடியின் நக்குப்பதி ஊரைச் சேர்ந்த நஞ்சியம்மா, 2020இல் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தில் தம் மக்களின் மொழியில் பாடினார். 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 68ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் சிறப்பு அவருக்குக் கிடைத்தது. ஆடு மேய்த்தும் ஊர்ப்பாட்டுப் பாடியும் வாழ்ந்தவருக்கு நாட்டின் விருது! மகிழ்ச்சியோடு மறுப்பும் எழுந்தது. ஒரு சுருதியைக் கொடுத்து அதற்கேற்பப் பாடச் சொன்னால் அவரால் இயலுமா என்ற கேள்வியும் வந்தது. இசையுலகத்தார் பலர் அவர் பக்கம் நின்று விடை கூறினர்.

நான் அக்கேள்வியையே திருப்பிக் கேட்க விரும்புகிறேன். சுருதியைக் கொடுப்பவர் யார்? வாங்கிக்கொள்பவர் யார்? பாடுபவருக்குக் கருவிக்காரர் சுருதி கொடுப்பது உலக வழக்கம் என்பர். ஆனால் நம் மரபு சொல்வது வேறு. கச்சேரிக்கு வரும் பாடகர் தம் குரலுக்குரிய கட்டையைச் சொல்கிறார். ஆடவர் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டை வரை; பெண்டிர் பெரும்பாலும் 5 முதல் 6 கட்டை வரை. தம்புரா அதற்கு மீட்டப்படுகிறது. வயலினின் தந்திகள் அதற்கு ஏற்றி இறக்கப்படுகின்றன. மிருதங்க வித்துவான் அச்சுருதிக்கு உரிய மிருதங்கத்தைத் தேடி எடுத்து வருகிறார். கடத்தைத் தட்டிச் சுருதி பார்த்தே தேர்கின்றனர். எல்லாக் கருவிகளும் ஒரு தொண்டையை நோக்கி நடந்து வருகின்றன. தொண்டை கருவியை நோக்கி நடப்பதில்லை.

அப்படியானால் கிதார் மட்டும் ஏன் விலக்கு? விலக்கன்று. அதற்கென்றே ஒரு சிறு பொருள் இருக்கிறது. அதன் பெயர் கேப்போ. இத்தாலியச் சொல்லின் சுருக்கம். விரல் நீளமே உள்ள கவ்வி அது. வீணையில் மெட்டு என்று நாம் சொல்வதைக் கிதாரில் ஃபிரெட் என்கின்றனர். கேப்போவை ஒரு ஃபிரெட்டை ஒட்டிப் பூட்டினால் ஆறு தந்திகளும் ஒருங்கே அழுந்தி, ஒலிக்கும் நீளம் குறைகிறது. ஒரு ஃபிரெட் நகர்த்தினால் அரைக் கட்டை ஏறும். அதிர்வெண் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடும். விரல்கள் போடும் கார்டு வடிவங்கள் மாறுவதில்லை; சுருதி மட்டும் மாறுகிறது. அவ்வளவே அதன் வித்தை.

பாடும் தோழிக்கு ஐந்தரைக் கட்டை என்று கொள்வோம். ஜி வடிவக் கார்டுகளை வாசித்து முதல் ஃபிரெட்டில் கேப்போ இட்டால் போதும். அல்லது ஈ வடிவங்களை எடுத்து 4ஆம் ஃபிரெட்டில் இடலாம். சுருதி ஒன்றே, ஒலியின் சாயல் வேறு. கேப்போ ஏற்றத்தான் வல்லது, இறக்காது என்பர் சிலர். உண்மையே. ஆயினும் டி சுருதியில் பழகிய பாட்டை ஒருவருக்காக பி சுருதிக்கு இறக்க வேண்டுமானால், ஏ வடிவங்களை எடுத்து 2ஆம் ஃபிரெட்டில் பூட்டுங்கள், வேலை முடிந்தது. 7ஆம் ஃபிரெட்டுக்கு மேலே போனால் ஒலி மெலிந்து கீச்சிடும். வேறு வடிவம் தேடுவதே நன்று.

வாங்கும்போது விலையையும் நிறத்தையும் பார்ப்பதைவிட உங்கள் கிதாரைப் பாருங்கள். எஃகுத் தந்திக் கிதாரின் விரற்பலகை சற்றே குவிந்திருக்கும். நைலான் தந்திக் கிதாரின் பலகை அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். ஒன்றுக்கு ஏற்ற கேப்போ மற்றதற்கு ஏற்காது. ஸ்பிரிங் வைத்தது ஒரு கையால் நொடியில் மாற்றத்தக்கது. ஆனால் அதன் அழுத்தம் நம் வசத்தில் இல்லை. மிகுதியாக அழுத்தித் தந்திகளை அபசுரமாக ஏற்றிவிடக்கூடும். திருகு வைத்தது மெதுவானது; அழுத்தம் நம் வசம். எலாஸ்டிக் பட்டை மலிவு, நாளடைவில் தளரும். என் பரிந்துரை திருகு வைத்ததே. கடையில் 1ஆம், 5ஆம் ஃபிரெட்டுகளில் பூட்டி, ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டிக் கேளுங்கள். ஒன்று இரைந்தாலும் வேண்டாம். பூட்டும் இடம் ஃபிரெட்டின் மேலன்று; அதை ஒட்டிப் பின்னால். பூட்டிய பிறகு மறுபடியும் சுருதி பார்க்க மறவாதீர்கள்.

“கேப்போ சோம்பேறியின் ஊன்றுகோல், பார் கார்டு பழகியவனுக்கு அது எதற்கு?” என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. ஊன்றுகோலாகவே பயன்படுத்துவோர்க்கு அது பொருந்தும். பழக வேண்டியதைப் பழகத்தான் வேண்டும். ஆனால் பார் கார்டில் திறந்த தந்தியின் கணீர் ஒலி கிடைப்பதில்லை. விரல் வன்மைக்குப் பேர்போன ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ கலைஞர்களும் பாடகரின் குரலுக்கேற்பக் கேப்போ இடுகின்றனர். அவர்களைச் சோம்பேறிகள் என்போமா?

கேப்போவால் தீராதவையும் உண்டு. அது அரைக் கட்டை அரைக் கட்டையாகத்தான் தாவும். மலையிலும் வயலிலும் துணைக்கருவியின்றிப் பாடிப் பழகிய குரல் இரண்டு படிகளுக்கு இடையே நிற்கக்கூடும். அப்போது கேப்போவைப் பூட்டி, அக்குரலைக் கேட்டுத் தந்திகளைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ சேர்க்க வேண்டும். கைப்பேசியிலுள்ள டியூனர் காட்டும் பச்சை விளக்கு அங்கே நீதிபதியன்று. பாட்டின் நடுவில் குரல் தானே மெல்ல ஏறினால் கிதார் என்ன செய்வது? கையை எடுத்துவிட்டுக் கேட்பதே செய்யத்தக்கது. எல்லாப் பாட்டுக்கும் கிதார் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நம் சங்கத்தில் சென்னையாரும் உண்டு; கொங்கு நாட்டாரும், ஈழத்தாரும், மலையூர்களிலிருந்து வந்தோரும் உண்டு. பாட்டியிடம் கற்ற பாட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு, “எனக்குச் சுருதி தெரியாது” என்று பின்வரிசையில் ஒதுங்கி நிற்பவர் இங்கே இருக்கிறார். அவரை ஒதுக்கியது அவர் குரலன்று. நாம் கேளாத ஒரு கேள்வி. ஆகவே என் வேண்டுகோள் சிறியது. வரும் முத்தமிழ் விழாவுக்கு ஒத்திகை தொடங்கும் நாளில் கிதார் உறையிலேயே இருக்கட்டும். பாடுபவர் முதலில் தனியே பாடட்டும். அவர் குரல் நிற்கும் இடத்தைக் கண்டு குறித்துக்கொள்வோம். அதன்பின் கேப்போவை எங்கே பூட்டுவது என்று பார்ப்போம். சங்கத்தின் செலவில் நல்ல கேப்போ இரண்டு வாங்கி வைப்பதும் பெருஞ்செலவாகாது. செயற்குழு கருதிப் பார்க்குமாக!